கோடித் துணியில் ஒரு யானை

செப்டெம்பர் 18, செவ்வாய்

வகுப்பில் செய்ததை அன்றன்றே எழுத வேண்டும் என்பது நிலந்தி மிஸ்ஸின் சட்டம். என்ன துணி, எவ்வளவு சூடு, எத்தனை வினாடி, முடிவு என்ன. எழுதிக் காட்டினால் பக்கத்தின் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு சரி போடுவார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பக்கம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அதனால் இந்தக் கொப்பியில் துணியும் சூடும் தவிர மற்றதையும் எழுதுகிறேன்.

வகுப்பு நடப்பது ருவான்வெல்லை பஸாரில், ஹலீம் நானாவின் ஜேர்சிக் கடைப் பின்னறையில். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளுக்கு பனியனில் நம்பர் ஒட்டிக் கொடுக்கிற கடை. நம்பர் வெட்டியது போக மிஞ்சும் ஷீட் துண்டுகள்தான் எங்களுக்கு. ரப்பர் போல மெல்லிய ஷீட், மேலே ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக். பிளேடால் உருவத்தை வெட்டி, வேண்டாததை உரித்தெடுத்து, துணிமேல் வைத்து, மெஷினின் சூட்டுப் பலகையால் அழுத்த வேண்டும். ஆறியபிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் உருவம் துணியோடு நிற்கும்.

ஆறியபிறகு. இதை மிஸ் என்னிடம் மட்டும் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். நான் ஆறுவதற்குள் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன். ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் என்னால் நிற்க முடிவதில்லை.

இன்று எழுத வேண்டியது உண்மையில் சனிக்கிழமை நடந்தது.

செல்வி அக்காவுக்கு வெள்ளிக்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் நான் சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அக்காவின் மாமியார் மூக்காயி அத்தை தெரணியகலையிலிருந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா பஸாரில் வாங்கி வந்த குழந்தைச் சட்டையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது சட்டையா, கொசு வலையா? ஒங்க ஊர்ல துணிக்கி அம்புட்டுப் பஞ்சமா?”

அக்கா படுத்தபடியே பதில் சொன்னாள்.

“முப்பத்தொண்ணுக்கு வந்து பாருங்க அத்தை. எந் தங்கச்சி கையாலேயே செய்றா. ஆறு உருப்படி, ஆறு மிருகம். காசு குடுத்தாலும் கடையில கெடைக்காது.”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். போத்தல் மூடி என் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

“இவளா?” என்றார்.

அத்தை போனபின் அக்காவிடம் சொன்னேன், “அக்கா, நான் இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நீ எதத்தான் பழகி முடிச்சேன்னு சொல்லியிருக்க?” என்றாள். “கல்யாணமாகி மூணு வருசமா, ஒங்க வீட்ல என்னா செஞ்சாங்கன்னு அந்தப் பொம்பள கேக்காத நாளில்ல. இந்த ஒரு தடவ என்னைய நிமிர வையி விஜி. போதும்.”

முப்பத்தோராம் நாள் ஒக்டோபர் 14, ஞாயிறு. தீட்டுக் கழித்துப் பேர் வைக்கும் நாள். அதற்கு முன் இன்றையதோடு சேர்த்து எட்டு வகுப்புகள் இருக்கின்றன. எட்டு வகுப்பில் ஆறு மிருகம். கணக்குக்கு முடியும். எனக்குத்தான் முடியுமா என்று தெரியவில்லை.

இன்று பயிற்சி: மிஸ் கொண்டுவந்த மூட்டையில் இருந்த பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துண்டு. 150 சூடு, 15 வினாடி. நீல மீன். ஒட்டியது.

செப்டெம்பர் 20, வியாழன்

மிருகங்களை முடிவு செய்தேன். யானை, முயல், மான், அணில், ஆமை, குரங்கு. பிள்ளைக்காம்பராவில் இருக்கும் படப் புத்தகத்தில் பார்த்து டிசு தாளில் கீறினேன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறைதான் பிள்ளைக்காம்பரா. அங்கே உதவி ஆயாவாக இருக்கிறேன். புத்தகத்தில் புலியும் இருக்கிறது, நல்ல படம். வெட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது இரண்டு இடத்தில் ஆமிக்காரருக்குப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

உருப்படிகள்: சட்டை இரண்டு, தொப்பி, துவாய், தலையணை உறை, மார்த்துணி. எல்லாம் வெள்ளைப் பொப்ளின். கடையில் துணியைக் கிழித்தபோது மொறமொறவென்று சத்தம் வந்தது. அம்மா முகர்ந்து பார்த்து, “நல்ல கோடி” என்றார். தைப்பதும் அம்மாதான்.

சீருக்கு வைக்கிற துணி கோடியாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் படாத, கஞ்சி விறைப்புப் போகாத புதுத் துணி. ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பார்கள். ஒருமுறை நனைத்துவிட்டால் அது பழந்துணி. பழந்துணியைத் தட்டில் வைத்தால் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் மிஸ் சொன்ன எட்டு விதிகளை எழுதியிருக்கிறேன். முதல் விதி: துணியைக் கழுவி, காயவைத்து, அயன் பண்ணிக்கொள்ளவும். அதன் பக்கத்தில் இன்று ஒரு குறிப்பு எழுதினேன்: நமது வேலைக்குப் பொருந்தாது. மற்ற ஏழு விதிகளையும் ஒன்று விடாமல் செய்வேன்.

செப்டெம்பர் 25, செவ்வாய்

யானை. வெட்ட ஒரு மணி நேரம். காது, வால், நாலு கால் நகம் எல்லாம் சரியாக வந்தன. உருவத்தைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும் என்பதும் நினைவிருந்தது. 150 சூடு, 15 வினாடி. ஆறும்வரை நிற்க முயன்றேன். இருபது வரை எண்ணிவிட்டு மூலையைத் தூக்கினேன். யானை பிளாஸ்டிக்கோடு எழுந்து வந்தது.

மறுபடி அழுத்தினேன். பாதி ஒட்டியது. முன்பாதி.

பக்கத்து மேசையில் இரண்டு பேர் பழைய சட்டைத் துண்டில் பூனை ஒட்டினார்கள். பேசிக்கொண்டே ஒட்டினார்கள். ஒட்டிவிட்டது.

செப்டெம்பர் 27, வியாழன்

இரண்டாவது யானை. 160 சூடு, 20 வினாடி. இந்த முறை ஐம்பது எண்ணினேன். ஒட்டியது. மகிழ்ச்சியில் சட்டையை மடித்தேன். மடித்த இடத்தில் யானையின் முதுகு துணியைவிட்டு எழும்பி நின்றது. நகத்தால் தொட்டால் கழன்று வருகிறது.

மிஸ் வந்து பார்த்தார். யானையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “துணியைக் கழுவினாயா நங்கி?” என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் கோடி என்றால் என்ன, அதை ஏன் நனைக்கக்கூடாது, அத்தை ஏன் மூக்கருகே வைத்துப் பார்ப்பார், இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று தேடுவதற்குள் என் தலை ஆம் என்று ஆடிவிட்டது.

“அப்படியானால் நீ ஆறமுன் தூக்கியிருக்கிறாய்” என்றார். “சரி. மறுபடி செய்.”

கடைசியாக ஒரு முயலைப் பழைய துண்டில் ஒட்டிப் பார்த்தேன், கை சரியாக இருக்கிறதா என்று. ஒட்டியது. அதே சூடு, அதே வினாடி, அதே கை. விளையாட்டுக்குச் செய்தால் ஒட்டுகிறது. ஒருவருக்கென்று செய்தால் ஒட்டவில்லை.

ஒக்டோபர் 2, செவ்வாய்

இங்கே எழுதாமல் விட்டவற்றையும் சேர்த்து, இதுவரை செய்த ஒன்பது முயற்சிகளையும் கட்டம் போட்டு எழுதினேன். சூடு, வினாடி, அழுத்தம், நிறம், மழையா வெயிலா, நான் மத்தியானம் சாப்பிட்டேனா, அழுத்தும்போது அக்காவை நினைத்தேனா. கடைசிக் கட்டத்தை எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதினேன். பழைய துண்டில் செய்த எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’. பொப்ளினில் செய்த எல்லாவற்றுக்கும் ‘ஆம்’.

ஆகவே இன்று அக்காவை நினைக்காமல் மானை அழுத்திப் பார்த்தேன். நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுத்தினேன். மானின் கொம்பு மட்டும் ஒட்டியது. மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கில்.

ஹலீம் நானாவின் மனைவி றுகையா ராத்தா கடைக்கும் பின்னறைக்கும் நடுவில் உள்ள கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மிஞ்சும் ஷீட் துண்டுகளை எனக்கென்று எடுத்து வைப்பவர் அவர்தான்.

“என்ன விஜி, கொம்பு மட்டும் போதுமெண்டு மான் ஓடிட்டா?”

“என் கை சரியில்லைங்க ராத்தா. கை நடுங்குது.”

“மெஷின்தானே அழுத்துது. ஒங்கட கையா அழுத்துது? கை நடுங்கினா ஒங்களுக்கு வெட்டுத்தானே பிழையாப் போகணும். வெட்டு கண்ணாடி மாதிரி ஈக்கி.” பிறகு கட்டம் போட்ட பக்கத்தை எட்டிப் பார்த்து, “இது என்னது, மத்தியானம் சோறு தின்னயா எண்டெல்லாம் எழுதி ஈக்கி. நோம்பு நேரத்துல என்னைய சிரிக்க வைக்காதீங்கொ” என்று உள்ளே போனார்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன் கடையை மூட வேண்டும் என்பதால் வகுப்பு ஐந்தரைக்கே முடிகிறது. பெருநாளுக்காக 12ஆம் திகதி முதல் கடை பூட்டு. 11ஆம் திகதிக்குப் பிறகு மெஷின் கிடையாது.

சாம்பல் ஷீட் தீர்ந்துவிட்டது. மூன்றாவது யானைக்கு எங்கே போவேன்?

ஒக்டோபர் 4, வியாழன்

றுகையா ராத்தா ஒன்பதாம் நம்பரைச் சுற்றி மிஞ்சிய சாம்பல் துண்டு ஒன்றைத் தந்தார். யானைக்கு மட்டுமட்டாகப் போதும். இனி தவறக்கூடாது என்பதால் இன்று யானையைத் தொடவில்லை. அணிலை அழுத்தினேன். ஒட்டவில்லை. மறுபடி. ஒட்டவில்லை. மூன்றாம் முறை ஒரு வாலும் இரண்டு காலும்.

கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் என்ன செய்வதென்று தெரியாது. மிஞ்சிய பழுப்பு ஷீட்டில் இருந்த இன்னொரு அணிலை எடுத்து, நான் கட்டியிருந்த பிள்ளைக்காம்பரா ஏப்ரனின் ஓரத்திலேயே வைத்து மெஷினை இறக்கினேன். வினாடி எண்ணவில்லை. பார்க்கவும் இல்லை. பிளாஸ்டிக்கோடேயே பஸ் ஏறினேன்.

ஒக்டோபர் 6, சனி

வகுப்பு இல்லாத நாளில் எழுதுகிறேன்.

பிள்ளைக்காம்பராவில் பெரிய ஆயா வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளின் துணியை அண்டாவில் போட்டு அவிப்பார். நேற்று என் ஏப்ரனையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். இன்று கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அணில். பிளாஸ்டிக் எங்கோ போய்விட்டது, அணில் போகவில்லை. சோடாத் தூளில் கொதித்து, கல்லில் அடிபட்டு, முறுக்கிப் பிழியப்பட்டு, அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பல்லால் கடித்து இழுத்தேன். ஒரு வால் மயிர்கூட அசையவில்லை.

“என்னாடி துணியத் திங்கிற?” என்றார் பெரிய ஆயா.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் விதி. அதன் பக்கத்தில் என் கையெழுத்தில்: நமது வேலைக்குப் பொருந்தாது.

மிஸ்ஸின் மூட்டையில் இருந்தவை பழைய சட்டைகள், நூறு முறை துவைத்தவை. ஏப்ரன் இருநூறு முறை துவைத்தது. பொப்ளின் மட்டும் கஞ்சி போகாத கோடி. கஞ்சி மேல்தான் யானை உட்கார்ந்தது, துணி மேல் அல்ல. கட்டத்தில் மழையை எழுதினேன், சோற்றை எழுதினேன், துணி நனைந்ததா இல்லையா என்ற ஒன்றை மட்டும் எழுதவில்லை.

ஆனாலும் இதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இதுவும் நான் நினைப்பதுதானே.

ஒக்டோபர் 9, செவ்வாய்

பொப்ளினில் மிஞ்சிய இரண்டு துண்டுகள். ஒன்றைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனேன், ஒன்றை அப்படியே. இரண்டிலும் ஒரே அளவில் ஆமை. 150 சூடு, 15 வினாடி. கழுவியது ஒட்டியது. கழுவாதது உரிந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, துணிய நனைச்சாத்தான் ஒட்டும். நனைக்காம ஒட்டுனா கழண்டு வந்துரும்.”

“நனைக்கிறதா? கோடியவா?”

“நனைச்சு, மறுபடி கஞ்சி போட்டு, மடிச்சு வச்சா...”

“விஜி, அந்தப் பொம்பள தட்டுல இருக்கிற துணியத் தொட்டுப் பாத்து, மோந்து பாத்து, மடிப்பப் பிரிச்சுப் பாத்துத்தான் எடுக்கும். பழந்துணிய வச்சிட்டாங்கன்னு தெரணியகல பூராச் சொல்லும். எம் மூஞ்ச எங்க கொண்டுபோயி வைக்கிறது?”

“அப்ப மிருகம் இல்லாம, வெறும் கோடிய வைப்போம்.”

“ஆறு மிருகம்னு சொல்லியாச்சே.” பிள்ளையை மறுபக்கம் மாற்றினாள். “நீ எப்பவும் இப்படித்தான். பத்தாவது பரீட்சைக்கிப் பெயிலுன்னு அழுத, பாஸ் பண்ணுன. பிள்ளைக்காம்பராவுல வேல கெடைக்காதுன்ன, கெடைச்சிச்சு. இதுவும் ஒட்டும். ஒட்டி வையி.”

அவள் சொன்னது எல்லாம் நடந்ததுதான்.

ஒக்டோபர் 11, வியாழன்

கடைசி நாள். ஆறையும் கோடியிலேயே ஒட்டினேன். 170 சூடு, 30 வினாடி, இரண்டு முறை. ஓரங்கள் கொஞ்சம் மினுங்கின. எல்லாம் நின்றன. மடிக்காமல் அட்டைப் பெட்டியில் விரித்து வைத்தேன். யானையின் தும்பிக்கை நுனி தூக்கியிருந்ததால் அதை நீவிவிட்டேன். இழுபட்டுக் கொஞ்சம் நீண்டுவிட்டது.

றுகையா ராத்தா அழுத்தும்போது ஷீட்டின் மேல் போடும் எண்ணெய்த் தாள் இரண்டை மடித்து என் பெட்டிக்குள் வைத்தார்.

“இது எதுக்குங்க ராத்தா? மெஷின் இல்லையே.”

“வீட்டுல அயன் பெட்டி ஈக்கிதானே. வச்சிக்கொங்க. நீங்க ஒட்டுனது ஒங்களுக்கே நம்பிக்கயில்லயே, மொகத்துல தெரியுது.”

ஒக்டோபர் 14, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

பத்தரைக்குத் தெரணியகலையிலிருந்து வான் வந்தது. அக்காவின் கணவர் மச்சான், அத்தை, அவர்கள் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். எங்கள் லயத்து வீட்டு வாசலில் பாய் விரித்திருந்தது. பன்னிரண்டுக்குள் பேர் வைத்துவிட வேண்டும் என்று கோயில் ஐயா நேரம் குறித்திருந்தார். அம்மா தட்டை நடுவில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, பழம், அதன் மேல் ஆறு உருப்படி. மூலைகளில் மஞ்சள். மேலாக யானைச் சட்டை.

அத்தை உட்கார்ந்தார். சட்டையைக் கையில் எடுக்கும் முன்பே குனிந்து பார்த்தார். பிறகு எடுத்தார். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார்.

“கோடிதான்” என்றார். அக்கா கதவுக்குப் பின்னால் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“யானை நல்லாத்தான் இருக்கு. யாரு, இவளா செஞ்சா?” என்றார் அத்தை. “இது என்னா, கொரங்கா? எம் பேரனுக்குக் கொரங்கா?”

“ஒங்க மகன் ஜாடைக்கிப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு போட்டிருப்பா” என்றார் அவர்களோடு வந்த ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நான்கூடச் சிரித்தேன். அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

அக்கா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கொடுத்தாள். அத்தை சட்டையைப் போட்டார். வலது கை நுழைந்தது. இடது கையை நுழைக்க நெஞ்சுப் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்தார். பிள்ளை காலை உதைத்தது. யானையின் காது மடங்கியது, பிறகு முதுகு, பிறகு முழு யானையும் வழுக்கிக்கொண்டு அத்தையின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அத்தை கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார்.

“அடி யாத்தி. யானை எறங்கி வந்துருச்சு.”

சிரிப்பு வாசலைத் தாண்டிப் போனது. அத்தை தட்டில் இருந்த மற்றச் சட்டையை எடுத்து முயலின் மேல் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார்.

“முயலும் ஓடிருச்சு. ஏம்மா செல்வி, ஆறு மிருகம்னியே, ஆறும் திரும்பக் காட்டுக்குப் போற மிருகமா?”

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஒட்டாதுன்னா ஒட்டாதுன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“செவ்வாக்கெழமை சொன்னேன் அக்கா.”

“நீ எல்லாத்துக்குந்தான் அப்படிச் சொல்ற! சோறு வடிச்சாலும் கொழைஞ்சிருச்சுங்கிற, பரீட்சை எழுதினாலும் பெயிலுங்கிற. அதுல எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

இப்போது கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு பக்கத்திலும் என் கை, என் கை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். துணி என்று எழுதிய ஒரு பக்கம்தான் உண்மை. அதையும் அதே குரலில்தான் சொல்லியிருக்கிறேன்.

“இப்ப நனைச்சா ஒட்டுமா?” என்றாள் அக்கா.

“ஒட்டும்.”

“நிச்சயமா?”

மூன்று முறை செய்து பார்த்த ஆமை நினைவுக்கு வந்தது. “நிச்சயமா” என்றேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நான் சொன்னதில்லை. அக்கா என் மணிக்கட்டை விட்டாள்.

வாசலுக்கு வந்து அத்தையிடம் கை நீட்டினேன். “யானையையும் சட்டையையும் குடுங்க அத்தை. தொவைச்சு ஒட்டித் தாறேன்.”

“கோடிய நனைக்கிறதா? அப்புறம் அதுக்குப் பேரு என்னா?”

“கோடிய நீங்க கையில வாங்கிட்டீங்க. புள்ள மேலயும் பட்டாச்சு. இனி அது எங்க அக்கா மகன் சட்ட. புள்ள சட்டைய தாய் வீட்ல தொவைக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா?”

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே விளங்கியது. முதலிலேயே வெறும் கோடியைக் கொடுத்து, அவர்கள் வாங்கிய பிறகு நனைத்து ஒட்டியிருக்கலாம். ஒரு மாதமாக இது ஏன் தோன்றவில்லை? எத்தனை கட்டம் போட்டேன்!

அத்தை சட்டையைக் கொடுத்தார். “பன்னெண்டுக்குள்ள பேர் வைக்கணும். மணி பதினொண்ணேகால்” என்று மட்டும் சொன்னார்.

பீலியில் கொட்டும் தண்ணீரில் சட்டையைக் கழுவினேன். சவர்க்காரம் போட்டு இரண்டு முறை. விரலுக்குத் தெரிந்த கஞ்சி வழுவழுப்பு போய்த் துணி சாதாரணத் துணியானது. அம்மா அதற்குள் சிரட்டைக் கரியை மூட்டி அயன் பெட்டியில் போட்டிருந்தார். ஈரத் துணியின் மேல் அயனை ஓட்டி ஓட்டிக் காயவைத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. வாசலில் இருந்த பெண்கள் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். அயனில் ஒரு துளி தண்ணீர் விட்டேன். சுருண்டு ஓடியது. அந்தச் சூடு போதும்.

யானையை நெஞ்சுக்கு நேரே வைத்தேன். றுகையா ராத்தாவின் எண்ணெய்த் தாளை மேலே போட்டேன். அயனை வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து, இருபது எண்ணினேன். வாய்விட்டு எண்ணினேன். பிறகு நகர்த்தி மற்றப் பாதிக்கு இருபது. அயனை எடுத்தேன்.

“தூக்கிப் பாரு” என்றார் அத்தை.

என் விரல் தாளின் மூலைக்குப் போய்விட்டது. அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“இன்னும் ஆறலைங்க.”

“ஒட்டிச்சா இல்லையான்னு தெரிய வேணாமா?” அத்தையின் கை தாளுக்கு நீண்டது.

“கை வைக்காதீங்க அத்தை.”

நான் அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. அம்மா பயந்து என்னைப் பார்த்தார். அத்தை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றாள். மச்சான் மணிக்கூட்டைப் பார்த்தார். இத்தனை பேருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, எனக்கு எல்லோரையும்விட அதிகமாக. நான் நூறு எண்ணினேன். பிறகு உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு. இன்னும் நூறு எண்ணினேன்.

தாளை எடுத்தபோது யானை துணியில் நின்றது.

அத்தை சட்டையை எடுத்து இழுத்தார். மடித்தார். நகத்தால் சுரண்டினார். யானை அசையவில்லை. பிறகு அதைப் பிள்ளைக்குப் போட்டார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது காதில் மூன்று முறை பேரைச் சொன்னார். கிருஷாந்த்.

மற்ற ஐந்தையும் கொண்டுபோகாமல் விட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் நனைத்து ஒட்டி அனுப்ப வேண்டுமாம். முயலுக்கு ஒரு கால் கிழிந்துவிட்டது, மறுபடி வெட்ட வேண்டும். அதே நிற ஷீட் இருக்கிறதா என்று செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் றுகையா ராத்தாவிடம் கேட்க வேண்டும். முதல் பக்கத்தில் இருந்த என் குறிப்பைப் பேனாவால் அடித்தேன். மிஸ்ஸிடம் நான் தலையாட்டியது பொய் என்றும் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வான் ஏறும் முன் அத்தை பிள்ளையை ஒருமுறை வாங்கிப் பார்த்துக்கொண்டே, “தும்பிக்க நுனி தூக்கிக்கிட்டு இருக்கேடி” என்றார்.

“ஆமாங்க அத்தை. அது அன்னைக்கே இழுபட்டுருச்சு. இனி ஒட்டாது.”

அதுவும் ஒட்டும், ஒட்டி வையி என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அக்காவும்தான்.

துணி: பொப்ளின், ஒருமுறை கழுவியது. சூடு: துளி சுருண்டு ஓடும் அளவு. வினாடி: இருபதும் இருபதும். ஆற விட்டது: இருநூறு எண்ணும்வரை. முடிவு: தும்பிக்கை நுனி தவிர, ஒட்டியது.